புரட்டாசியில் போக இருந்த பயணம்

என் மச்சான் மீராமுகைதீன் சமையற்காரர். எங்கள் பக்கத்தில் கோக்கி என்போம். கல்முனையில் சமைக்கத் தெரிந்த ஆண்பிள்ளைக்குக் கல்யாண வீடும் கந்தூரியும் போதாதா என்று கேட்டால், இவருக்குப் போதவில்லை. பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரையிடம் போய்ச் சேர்ந்தார். அந்தத் துரைக்கு ஒரு கிறுக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை கூடாரத்தைக் கட்டிக்கொண்டு கும்புக்கன் ஆற்றங்கரையில் அரசாங்கம் ஒதுக்கி வைத்திருக்கும் காட்டுக்குள் போய்க் கிடந்து பறவை பார்ப்பார். சுடவும் மாட்டார், பிடிக்கவும் மாட்டார், பார்ப்பார். பறவை பார்க்கிறவருக்கும் பசிக்கும் அல்லவா, அதனால் மச்சானும் கூடப் போவார்.

பொத்துவிலுக்குத் தெற்கே பாணமை, ஒகந்தை, குமண என்று போய், பாதை முடிந்த பிறகும் போனால் அந்த இடம் வரும். மருத மரங்களுக்குக் கீழே தங்குவதற்கு ஒரு வாடி, காவலுக்கு ஒரு ஆள், சுற்றிவர யானை. அதைத்தான் மச்சான் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சுவர்க்கம் மாதிரிச் சொல்லுவார். ஆற்றில் காலை வைத்துக்கொண்டே இடியப்பம் பிழியலாமாம். மான் வந்து உலைத் தண்ணீரை எட்டிப் பார்க்குமாம். அவர் பெண்சாதி, சித்தி லைலா என்ற என் தங்கச்சி, வாயைப் பிளந்துகொண்டு கேட்பாள்.

"என்னையும் ஒருக்காக் கூட்டிப் போங்களன்" என்பாள்.

"ஒன்னக் கூட்டிப் போனா நான் ஒன்னப் பாத்துக்கிட்டு இரிப்பன். துரைக்கு ஆரு சோறாக்கிற?" என்று அவர் சிரிப்பார்.

கல்யாணமான நாளிலிருந்து இதே கேள்வி, இதே பதில். பிள்ளை குட்டி இல்லாத வீடு. அந்தச் சிரிப்புத்தான் அவர்களுக்குப் பிள்ளை.

ஐம்பத்தேழாம் ஆண்டு நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு துரையுடன் காட்டுக்குப் போனார். அந்தத் தடவை துரை அவசரமாகத் தோட்டத்துக்குத் திரும்ப வேண்டி வந்திருக்கிறது. மச்சானுக்கு அப்போதே காய்ச்சல். "நீங்க போங்க துரை, நான் சுகமானதும் ஊருக்குப் போறன்" என்று சொல்லி வாடியிலே தங்கியிருக்கிறார். கோக்கி ஊருக்குப் போய்விட்டான் என்று துரை நினைத்துக்கொண்டார். மச்சான் தோட்டத்தில் இருக்கிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். இரண்டு பக்கமும் நிம்மதியாக இருந்தோம். நடுவில் அந்த மனிதன் மௌத்தாகிப் போனார். பிரேதத்தைத் தூக்கிக்கொண்டு அந்தக் காட்டைக் கடக்க ஆளும் இல்லை, வண்டியும் இல்லை. காவற்காரரே குழி தோண்டி, ஆற்றங்கரை மருத மரத்தடியில் அடக்கிவிட்டார்.

இதெல்லாம் எங்களுக்கு ஆடி மாதம் கடைசியில்தான் தெரிந்தது. பெரியநீலாவணை அன்னப்பிள்ளை அக்கா கதிர்காமத்துக்குக் காட்டு வழியே நடந்து போகிறவர். மற்ற நாளில் எங்கள் வீட்டுக்குக் கருவாடு கொண்டுவருவார், மச்சானையும் நன்றாகத் தெரியும். அந்த வருஷம் தீர்த்தம் முடிந்து வந்தவர், தன் வீட்டுக்கும் போகாமல், நெற்றியில் திருநீறும் காலில் புழுதியுமாக நேரே எங்கள் முற்றத்துக்கு வந்து நின்றார். ஆற்றைக் கடக்கிற இடத்தில் காவற்காரர் அவரை மறித்து, கல்முனைக்குப் போகிற ஆளா என்று கேட்டு, அடக்கிய இடத்தைக் காட்டி, ஒரு தோல் வாரைக் கையில் கொடுத்திருக்கிறார். சாரத்துக்கு மேலே மச்சான் கட்டுகிற அகலமான வார்.

சித்தி லைலா அப்போது மா இடித்துக்கொண்டிருந்தாள். உலக்கையைச் சாத்தி வைத்துவிட்டு வந்து, வாரை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத எங்க போட்டிட்டு வந்தவராம் இந்த மனிசன்? சாரம் அவிழ்ந்து விழுந்தாத் தெரியும்" என்று சிரித்தாள்.

அன்னப்பிள்ளை அக்கா முகத்தைப் பார்த்தே எனக்கு விளங்கிவிட்டது. தங்கச்சிக்கு விளங்கவில்லை. அக்கா வாயைத் திறந்து சொல்லி முடிக்கும் வரைக்கும் அவள் சிரித்துக்கொண்டேதான் இருந்தாள்.

பள்ளியில் அவருக்காகக் காயிப் ஜனாஸா தொழுதோம். எங்கோ அடக்கப்பட்டவருக்கு இங்கிருந்து தொழுகிற தொழுகை. என் தங்கச்சிக்கு வெள்ளைச் சேலை உடுத்தி, உள் அறையில் இத்தா இருத்தினார்கள். புருஷன் போனால் எங்கள் பெண்கள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளிக்கிடாமல், அந்நிய ஆண் முகம் பாராமல் இருப்பார்கள். நான் கூடப்பிறந்த காக்கா, அறைக்குள் போய் வரலாம். போன முதல் நாளே கேட்டாள்.

"காக்கா, இத்தா முடிய என்ன அந்த ஆத்தங்கரைக்குக் கூட்டிப் போறீங்களா?"

எங்கள் ஊரில் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. வாப்பா மௌத்தாகி இத்தனை காலம், உம்மா அவர் கபுறை ஒரு தரம் கண்டதில்லை. அந்த மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று அழுவதோடு சரி. ஆனால் மச்சான் கிடப்பது காட்டில். அங்கே மதில் இல்லை, சொல்ல ஆளும் இல்லை. காட்டுக் கந்தோர் அனுமதி கொடுத்தால் போதும். இதை எனக்கு அவள்தான் எடுத்துச் சொன்னாள். அறைக்குள் படுத்துக் கிடந்து இதைத்தான் யோசித்திருக்கிறாள்.

"மண்ணில கைய வெச்சி ஒரு யாசீன் ஓதினாக் காணும் காக்கா. வேற ஒண்டும் வேணாம் எனக்கு."

நான் அப்போது பொத்துவில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்து மாடு கூட என்னைக் கண்டால் விலகும். போகலாம் என்றேன். மறு கிழமையே காட்டுக் கந்தோரில் விசாரித்து அனுமதியும் எடுத்தேன். பாணமையில் ஒருவரிடம் காட்டுக்குப் பழகிய மாட்டு வண்டி பேசினேன். குடிக்கத் தண்ணீர் ஒகந்தையில் எடுக்க வேண்டும், யானை தண்ணீர் குடிக்க வருகிற நேரம் வண்டி ஓடக்கூடாது, வாடியில் பாய் கூடக் கிடையாது என்று ஒவ்வொன்றாக வந்து சொல்வேன். அவள் அறைக்குள் இருந்தே எல்லாவற்றையும் கட்டினாள். கெடாமல் இருக்க மாசிச் சம்பல், வறுத்த மா, பாய், பானை. தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நடுவதற்கு முதிரை மரத்தில் இரண்டு மீசான் கட்டை செய்யச் சொன்னாள். பெண் துணைக்கு அன்னப்பிள்ளை அக்காவையும் கேட்டாள். அக்கா உடனே ஓம் என்றுவிட்டார்.

இனி, நாள். இத்தா மார்கழி நடுவில் முடியும் என்று வீட்டில் பெண்கள் சேதி வந்த நாளிலிருந்து எண்ணி வைத்திருந்தார்கள். மார்கழியில் அந்தக் காட்டுக்குள் காட்டுப் பன்றிதான் போகும். மாரியில் கும்புக்கன் ஆறு கரை மீறிப் பாய்கிற ஆறு. இதைச் சொல்லி நான் சலித்துக்கொண்டபோதுதான் எங்கள் பள்ளிவாசல் ஷரிபுதீன் ஆலிம்சா கேட்டார்.

"மௌத்தானது எப்ப எண்டு தெரியுமா?"

"வைகாசியில, வெசாக்குக்குக் கொஞ்சம் முந்தியாம். காவற்காரர் அன்னப்பிள்ளை அக்காட்டச் சொன்னவர்."

"அப்ப என்னத்துக்கு மார்கழி? இத்தா மௌத்தான நாளில இரிந்துதான். புரட்டாசியில முடியிது."

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. புரட்டாசி என்றால் ஆறு முழங்காலளவு. வண்டி கரை வரைக்கும் போகும். ஆலிம்சாவைக் கையோடு கூட்டி வந்தேன். அவர் திரைக்கு இந்தப் பக்கம் பாயில் இருந்து அவளுக்கு விளங்கப்படுத்தினார்.

"ஆலிம்சா, அந்த நாளையில நான் இத்தா இரிக்கல்லியே" என்றாள்.

"அறியாம இரிந்தது குத்தமில்ல மகள். நாள் தன்பாட்டில போகும்."

"ஹஜ்ஜுப் பெருநாளைக்கு நான் மருதோண்டி போட்ட. பூச்சாரி உடுத்த. ஊஞ்சல் ஆடின. அவர் அங்க மண்ணுக்குள்ள கிடக்க, நான் இஞ்ச ஊஞ்சல்ல இரிந்து சிரிச்ச. அந்த நாளையும் அவருக்காக இரிந்த நாளெண்டு நான் எப்பிடிச் சேக்கிற?"

"மார்க்கம் ஒங்களுக்கு லேசாக்கித் தந்திரிக்கி. அதுக்கு மேல நீட்டப்படாது மகள்."

"எனக்கு லேசு வேணாம்."

ஆலிம்சா எழுந்து போய்விட்டார். எனக்குத் தலைக்கு மேல் ஏறியது. பெரிய கிதாபு ஓதிய மனிதர் முகத்துக்கு நேரே சொல்கிறார், இவள் கேட்கமாட்டேன் என்கிறாள். திரையை இழுத்துவிட்டு உள்ளே போனேன்.

"ஒனக்கென்ன விசரா? அனுமதி கையில இரிக்கி. வண்டி பேசிக் கிடக்கு. புரட்டாசி போனா ஐப்பசி, கார்த்திகை எண்டு ஆறு ஆள விடாது. மாசியிலதான் போகலாம்."

"மாசியில போவம்."

"அதுக்குள்ள என்ன நடக்குமோ."

"என்ன நடக்கும் காக்கா? கபுறு எங்க ஓடிப் போகும்?"

சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி சொன்னாள்.

"அவர் மௌத்தான செய்தி தெரியாம நான் அவர ஏசிக்கிட்டு இரிந்தன் காக்கா. பெருநாளைக்கும் வரல்ல, ஒரு சேலைத் துண்டாவது அனுப்பல்ல எண்டு வாறவள் போறவளிட்டயெல்லாம் ஏசின. அதுக்குப் பகரமா நான் என்ன செய்யிற? முழுசா இரிந்திட்டுத்தான் அவருக்கு முன்னால போவன். அரையும் குறையுமாப் போகமாட்டன்."

உம்மாவும் அவள் பக்கம். ஊர்ப் பெண்களோ, புருஷனுக்காக இப்படி இருக்க எவளால் ஏலும் என்று வாய் நிறையப் புகழ்ந்தார்கள். புகழ்கிறவர்களுக்கு என்ன, காட்டைக் கடக்கப் போவது அவர்களா? கந்தோரில் அனுமதியைத் திருப்பிக் கொடுத்தபோது, அந்த இலிகிதர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பயம் வந்துவிட்டதா என்று கேட்டார். யானைக்கல்ல, தங்கச்சிக்கு என்றேன்.

புரட்டாசி வெயிலும் வரட்சியுமாகப் போயிற்று. ஒவ்வொரு நாளும் பொத்துவிலில் பஸ்ஸை நிறுத்திவிட்டுத் தெற்கே வெளித்த வானத்தைப் பார்ப்பேன், பல்லைக் கடிப்பேன். வீட்டுக்கு வந்தால் அவள், "காக்கா, அந்த வாடியில அடுப்புக் கல்லு இரிக்குமா?" என்று கேட்பாள். அவளோடு கோபித்துக்கொண்டு இருக்கவும் முடியவில்லை.

பிறகு வந்தது அந்த மார்கழி. அந்த வருஷத்து வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நாள்கணக்காக ஒரே மழை. வயல், வீதி, களப்பு எல்லாம் ஒன்றாகிக் கல்முனை ஒரு தீவாகக் கிடந்தது. பாலங்கள் போயின. பஸ் ஓடவில்லை. எங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்தது. இத்தா முடிய இன்னும் சில நாள் இருக்கிறது, வெளியே வரமாட்டேன் என்று அவள் அந்த அறையில் கட்டிலுக்கு மேல் ஏறி இருந்தாள். உம்மா அழுது, ஆலிம்சா வாசலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று இதற்கெல்லாம் அனுமதி உண்டு என்று கத்தி, கடைசியில் நான் போய் அவளைத் தூக்கி வந்தேன். நல்ல கனம் இருந்தவள், கோழிக்குஞ்சு மாதிரி இருந்தாள்.

தோளில் கிடந்தபடி காதுக்குள் கேட்டாள்: "காக்கா, அங்கயும் இப்பிடிப் பெய்யுமா?"

"அங்க மேடு" என்றேன். மேடும் கிடையாது, ஒன்றும் கிடையாது.

மாசியில் போனோம். பஸ்கள் எல்லாம் அரசாங்கத்துக்குப் போய்விட்டிருந்தன. லீவு கேட்கப் புதிது புதிதாக அதிகாரிகள் இருந்தார்கள். எப்படியோ எடுத்தேன். அன்னப்பிள்ளை அக்கா சொன்ன சொல்லுக்கு வந்து சேர்ந்தார். பாணமையில் வண்டி ஏறினோம். வெள்ளம் தின்று துப்பிய பாதை. வண்டி அடிக்கடி புதைந்தது, இறங்கித் தள்ளினோம். தங்கச்சி ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் தள்ளினாள். மான் கூட்டம் நின்று பார்த்தபோது, "இதுதான் உலையில வந்து எட்டிப் பாக்கிறதாம்" என்று அன்னப்பிள்ளை அக்காவுக்குக் காட்டினாள். வந்ததிலிருந்து அப்போதுதான் அவள் முகம் கொஞ்சம் வெளித்தது. மச்சான் சொன்ன ஒவ்வொன்றையும் அவள் அடையாளம் பிடித்துக்கொண்டே வந்தாள். மணலை, குரங்கை, நாரைகளை.

ஆறு தெரிந்ததும் வண்டிக்காரர் மாட்டை நிறுத்திவிட்டார். அன்னப்பிள்ளை அக்கா முன்னால் இறங்கினார். கொஞ்ச தூரம் போனார், நின்றார், இடமும் வலமும் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். பெரிய மருத மரம் ஒன்று வேரோடு ஆற்றுக்குள் சாய்ந்து கிடந்தது. கரை என்று ஒன்று இல்லை. செம்மண் வெட்டு நேராக இறங்கி, கீழே தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

தங்கச்சி வந்து எங்களுக்குப் பக்கத்தில் நின்றாள். கையில் யாசீன் கிதாபு.

"எங்க, அக்கா?" என்றாள்.

வாடியிலிருந்து காவற்காரர் வந்தார். மெலிந்த சிங்கள மனிதர், திங்கிரிஅப்பு என்று பேர், தமிழ் பத்துச் சொல்லுக்கு மேல் தெரியாது. மொனறாகலைப் பக்கம் பஸ் ஓட்டிய காலத்திலிருந்து நான் சிங்களம் நன்றாகப் பேசுவேன். யார் நாங்கள் என்று சொன்னேன். அவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டு, ஆற்றுக்கு நடுவே தண்ணீர் சுழித்து ஓடுகிற ஒரு இடத்தைக் காட்டினார்.

அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. தங்கச்சி அந்த வெட்டின் ஓரத்திலேயே இருந்துவிட்டாள். தண்ணீரைப் பார்த்தாள். அழவில்லை. வண்டியில் கொண்டுவந்த மீசான் கட்டைகளை யாரும் இறக்கவில்லை.

என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"எப்ப போனதெண்டு கேளுங்க காக்கா."

கேட்டேன். திங்கிரிஅப்பு சொன்னார்: மார்கழிப் பெருமழையில்தான். அதுவரை ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. பன்றி கிளறாமல் முள்ளு வேலி கட்டி வைத்திருந்தேன். புரட்டாசி, ஐப்பசியில் மேலே புல்லுக்கூட முளைத்துப் பச்சையாகக் கிடந்தது.

"என்ன சொல்றார்?"

அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த அறைக்குள் இருந்து அவள் என்னிடம் கேட்ட அத்தனையும், அடுப்புக் கல் முதற்கொண்டு, நினைவு வந்தது. புரட்டாசியில் போவோம் என்று நான் பேசிய பேச்சும் வாய்வரை இருந்தது. பல மாதமாக அதைத்தான் மென்றுகொண்டிருந்தேன். ஒரு நாள் சொல்லிக் காட்டத்தான் வேண்டும் என்று வைத்திருந்தேன்.

"ஆவணிக் கடைசியில ஒரு மழை பெஞ்சதாம் புள்ள. மலையில பெஞ்ச மழை. அதிலயே கரை ஒடஞ்சி போயிட்டாம்" என்றேன்.

"ஆவணியிலயா?"

"ஓம். ஆவணியில."

அவள் அன்னப்பிள்ளை அக்காவைப் பார்த்தாள். கதிர்காமத்துக்கு இத்தனை தரம் நடந்த மனுஷிக்குச் சிங்களம் விளங்காமல் இருக்குமா? அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னார்.

"நான் ஆடியில கண்டபோதே கரை வெடிச்சித்தான் கிடந்தது மகள். ஒனக்குச் சொல்ல மனம் வரல்ல."

"அப்ப, நான் புரட்டாசியில வந்திருந்தாலும்..."

"வந்திருந்தாலும் இல்ல" என்றேன்.

அதன் பிறகுதான் அவள் அழுதாள். எங்கள் வீட்டில் யாரும் கேட்டிராத அழுகை. அன்னப்பிள்ளை அக்கா பக்கத்தில் இருந்து அவள் தலையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். பொய்தான். அதற்கு நான் மறுமையில் பதில் சொல்லிக்கொள்கிறேன், அக்கா அவருடைய சாமியிடம் சொல்லிக்கொள்வார்.

அழுகை ஓய்ந்து, ஆற்றில் முகம் கழுவி, அந்தச் சுழியைப் பார்த்தபடி யாசீன் ஓதி முடித்தாள். திங்கிரிஅப்பு அதுவரை தலைப்பாகையைக் கட்டாமலே நின்றார். நல்ல மனிதர். ஓதி முடிந்ததும் கிட்ட வந்து, அவளையும் என்னையும் பார்த்து, மெல்லக் கேட்டார்: "அந்த மனிதர் சாகும் முன் ஆட்கள் வருவார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நானும் மழை வரும் வரைக்கும் பாதையைப் பார்த்தேன். ஏன் நீங்கள் இவ்வளவு பிந்தி வந்தீர்கள்?"

தங்கச்சி ஈர முகத்தோடு நிமிர்ந்தாள்.

"என்ன கேக்கிறார் காக்கா?"

"சாப்பிட்டீங்களா எண்டு கேக்கிறார்."

"பாவம். சாப்பிட்டம் எண்டு சொல்லுங்க."

சாப்பிட்டோம் என்று சிங்களத்தில் சொன்னேன். திங்கிரிஅப்பு ஒன்றும் விளங்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.